நிறம் கூட்டப்பட்டது

கராதாஸ் என்ற சுரங்க ஊரில் மண்ணுக்குக் கீழே எது கிடந்தாலும் அது நிலத்தடி வளத் துறைக்குச் சொந்தம். தலைக்கு மேலே தொங்குவதும் துறைக்குத்தான் சொந்தம் என்று மெய்ராமுக்குத் தெரியவந்தது மார்ச் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை.

முந்தின வாரம் ஊர் வாட்ஸாப் குழுவில் அவன் ஒரு நிலாப் படம் போட்டிருந்தான். வழக்கமான வெள்ளை நிலா இல்லை. அங்கங்கே நீலமும் துருநிறமும் படர்ந்த நிலா. அந்த நிறங்கள் பொய்யில்லை. நிலவின் பாறையில் இருப்பவைதான். கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்து கிடக்கும். மூவாயிரம் படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கணினியில் நிறத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டினால் மேலே வரும். டைட்டானியம் மிகுந்த இடம் நீலம். டைட்டானியம் குறைந்து இரும்பு மிஞ்சின இடம் துரு.

தொலைநோக்கி குல்பாரம் டீச்சருடையது. கணினி மெய்ராமுடையது. டீச்சர் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். நாற்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். மெய்ராம் துறையின் பரிசோதனைக்கூடத்தில் தாதுக் கல்லை அரைத்து, இதில் தாமிரம் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுக்கிறவன். கராதாஸ் வானப்படக் கழகம் என்பது இந்த இரண்டு பேர்தான். கழகத்துக்கு ஒரே ஒரு விதி. எந்தத் தொலைநோக்கி, எத்தனை படம், நிறம் எத்தனை மடங்கு கூட்டப்பட்டது என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

"அந்த வரி இல்லேன்னா அது படமே இல்ல. கல்யாணப் பொண்ணு மூஞ்சி," என்பார் டீச்சர்.

வாட்ஸாப் படத்தின் கீழும் வரி இருந்தது. 'நிறம் எட்டு மடங்கு கூட்டப்பட்டது.'

துறை அந்த வரியைப் படிக்கவில்லை. அதற்கு மேலே இருந்த டைட்டானியம் என்ற சொல்லைப் படித்தது.

பதிவுப் பிரிவில் ரைசா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஆறு முத்திரைகள், உயர வரிசையில்.

"பதிவு செய்யாத கனிமப் படிவு பத்தி வெளியில தகவல் சொல்லியிருக்கீங்க. பிரிவு பதினேழு. வேலையே போகும்."

"அது நிலா, அக்கா."

"எங்க இருக்குன்னு நான் கேக்கல. டைட்டானியம்னு எழுதினீங்களா, இல்லியா?"

"எழுதினேன்."

"கராதாஸ்ல நின்னு பாத்தா தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப நம்ம எல்லைக்குள்ளதான் வருது." படிவத்தை எடுத்தாள். "பக்கத்து ரயில் நிலையத்துல இருந்து எவ்வளவு தூரம்?"

"மூணு லட்சத்து எண்பத்துநாலாயிரம் கிலோமீட்டர்."

ரைசா தலை நிமிராமல் எழுதினாள். "எந்த ஸ்டேஷன்? சரக்கா, பயணியா? ரெண்டுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர் இருக்கு. நாளைக்கு ஆய்வுக்கு வந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"சரக்கு."

"மேய்ச்சல் உரிமை யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லேன்னு கிராம சபை கடிதம் வேணும். பனிக்காலத்துல வண்டி போகுமா?"

"கோடையிலயும் போகாது, அக்கா."

'பாதை நிலவரம் பருவத்தைப் பொறுத்ததல்ல' என்று ரைசா எழுதினாள். அது உண்மைதான் என்பதால் மெய்ராம் மறுப்புச் சொல்லவில்லை.

பிறகு அவனை இயக்குநர் அறைக்கு அனுப்பினார்கள். இயக்குநர் ஜுமகலி ஒராசோவிச்சின் சுவரில் ஒரு வெள்ளிப்பூண் சாட்டையும் ஒரு பெரிய அட்டவணையும் தொங்கின. 'இவ்வாண்டு புதிய படிவுகள். இலக்கு: நான்கு. கண்டது: ' என்று எழுதி, அதற்கப்புறம் சுவர் மட்டும் இருந்தது.

"உக்காரு தம்பி. இந்தத் துறையில எனக்கு முப்பத்தோரு வருஷம். எத்தனை படிவு கண்டுபிடிச்சேன்னு கேளு."

மெய்ராம் கேட்டான்.

"ஒண்ணுகூட இல்ல. ஏன்னு கேளு."

கேட்டான்.

"கீழயே பாத்துக்கிட்டு இருந்துட்டோம். மேல பாருன்னு தலைநகரத்துல இருந்து யாரும் எழுதல. எழுதாம பாக்கறது நம்ம வழக்கம் இல்ல." கைப்பேசியில் நிலாப் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். "வேலையெல்லாம் போகாது. இது துறையோட கண்டுபிடிப்பு. நீங்கதான் எங்க நிபுணர், மெய்ரெக்கே."

பெயரின் தலையை வைத்துக்கொண்டு வாலில் 'எக்கே' சேர்த்துக் கூப்பிடுவது பெரிய மனிதர்களை. மெய்ராமுக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை அவனை அப்படிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. பின்னால் பலமுறை அவன் அதை நினைத்துக் கூசிப்போனான். அன்றைக்கு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.

"ஒரே ஒரு குறை," என்றார் இயக்குநர். "நீலம் கொஞ்சம் சோகையா இருக்கு."

மெய்ராம் பன்னிரண்டு மடங்காக்கினான். துணை இயக்குநர் பார்த்துவிட்டு, துறைக் கட்டடமே இதைவிட நீலமாக இருக்கிறதே என்றார். இருபதாக்கினான். தலைநகரத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் கடைசிப் பத்தியில், அடுத்த மாதம் டைட்டானியத்தில் எவ்வளவு வளர்ச்சி எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்கள்.

"ஒரு மாசத்துல நிலாவுல டைட்டானியம் எப்படிங்க கூடும்?" என்று மெய்ராம் இயக்குநரிடம் கேட்டான். சின்னக் குரலில்தான் கேட்டான்.

"நீங்க கூட்டினா கூடும், மெய்ரெக்கே."

பரிசோதனைக்கூடத்தில் ஏழு வருடமாக அவன் ஒன்று புள்ளி நான்கை ஒன்று புள்ளி ஐந்து என்று எழுதியதில்லை. ஒருமுறை சுரங்கக்காரர் ஒருவர் முழங்கை நீளக் குதிரைத் தொத்திறைச்சியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காகிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போதும் எண்ணைக் கேட்டிருந்தால் முடியாதென்றிருப்பான். அவர்கள் நீலத்தைத்தான் கேட்டார்கள்.

ஏப்ரலில் படம் சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்தது. கீழ்வரியில் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். ரைசா விளக்கினாள்.

"நிறம் கூட்டப்பட்டதுன்னு போட்டிருக்கு. யாரு கூட்டினது? ஆணை இல்லாம கூட்டினா குற்றம். ஆணை எண் போட்டா யாரோ ஆணை போட்டதா ஆயிடும். நம்ம ஆபீஸ்ல அப்படி ஒரு ஆள் இல்ல. வரியை எடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

வரி போயிற்று.

நீரேற்று நிலையத்தின் மொட்டை மாடியில்தான் கழகத்தின் தொலைநோக்கி நின்றது. சாயங்காலம் மெய்ராம் படிகளில் ஏறி வந்தபோது டீச்சர் ஆடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துறை அச்சடித்த துண்டறிக்கை அவர் தோள்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப எத்தனை மடங்கு?"

"நாப்பது, டீச்சர்."

"நாப்பதா? இது நிலாவா, சந்தையில விக்கிற பிளாஸ்டிக் வாளியா?"

டீச்சர் துண்டறிக்கையைப் பையிலிருந்து உருவினார்.

"கீழ ஒரு வரி இருந்துச்சே, அது எங்க?"

"எடுக்கச் சொன்னாங்க."

"முடியாதுன்னு சொல்றதுதானே?"

"எப்படி டீச்சர்? அவ்வளவு மரியாதையா கூப்பிட்டு உக்கார வெச்சு, டீ குடுத்து... நல்லா இருக்காது. உயத்."

கராதாஸில் குழந்தைக்குத் தன் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே அந்தச் சொல் தெரிந்துவிடும். வெட்கம், மானக்கேடு, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதையெல்லாம் ஒரே வாயில் அடக்கின சொல். இரண்டாவது கிண்ணம் தேநீரை வேண்டாமென்றால் உயத். பந்தியில் பாதியில் எழுந்தால் உயத். பெரியவர் தப்பாகக் கணக்குச் சொல்லும்போது திருத்தினால் பெரிய உயத்.

"அவங்க முன்னாடி கூசுற," என்றார் டீச்சர். "நிலா முன்னாடி கூசலியா? என் முன்னாடி? இது என் கண்ணாடி வழியா வந்த படம்டா."

"அடுத்த மாசம் படம் திறக்கிற விழாவுல மைக் குடுப்பாங்க. அப்ப சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"நிறம் நாப்பது மடங்கு கூட்டினதுன்னு."

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நாலு வினாடி. நாலே வினாடிதான் மெய்ராம். நான் மூணாவது வரிசையில நிப்பேன்."

"சத்தியமா சொல்றேன், டீச்சர்."

விழா மே மாதம், பகல் உணவுக்கு என்று சொல்லி நாலு மணிக்குத் தொடங்கியது. துறைக் கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைக் கம்பளிக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். மூன்று மாடி உயரத்துக்குப் படம் தொங்கியது, துணி மூடி. தோம்ப்ரா வாசிக்கிற இருவர் வந்திருந்தார்கள். இருநூறு பேருக்கு இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

முதலில் மெய்ராமுக்குச் சபான் போர்த்தினார்கள். கரு நீல வெல்வெட் அங்கி, விளிம்பெல்லாம் பொன்சரிகை. இரண்டு அதிகாரிகள் பின்னால் நின்று அதை விரித்துப் பிடித்தார்கள். விரித்த சபானுக்குள் கையை நுழைக்காமல் நின்றவன் கதை அந்த ஊரில் எங்கும் கிடையாது. மெய்ராம் நுழைத்தான். அளவு கச்சிதமாக இருந்தது. எப்போது அளவெடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தான்.

ஜுமகலி ஒராசோவிச் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான ஊர் மக்களே! ஒரு குழி தோண்டல. ஒரு லிட்டர் டீசல் எரிக்கல. ஒரு ஊழியர் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. இலக்கை முன்னூத்து நாப்பது சதவீதம் முடிச்சிருக்கோம்! நாற்காலியை விட்டு எந்திரிச்ச காலத்துல இதை நம்மால செய்ய முடிஞ்சுதா? முடியல. அதனால அடுத்த வருஷம் செவ்வாய்க் கிரகக் கிளையைத் தொடங்கறோம். கிளை மேலாளரா என் மருமகனைத் தகுதி பாத்துத் தேர்ந்தெடுத்தாச்சு. அவர் போன மாசத்துல இருந்து அங்கதான் வேலை பாக்கறார். அதோ, முன் வரிசையில இருக்கார், கை தட்டுங்க!"

கை தட்டினார்கள். மருமகன் எழுந்து வணங்கினார். துணி விழுந்தது.

நிலா நீலமாக இருந்தது. மூன்று மாடி நீலம். துருநிறம் ஓரத்தில் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தது. தலைநகரத்துக்கு இரும்பு வேண்டியிருக்கவில்லை. ஜனங்கள் 'ஓ' என்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

ஓரத்தில் குதிரைப்பால் விற்றுக்கொண்டிருந்த பெண்மணிதான் கேட்டாள். "ஏம்ப்பா, மேல ஒண்ணு நிக்குதே. அது வெள்ளையால்ல இருக்கு?"

எல்லாரும் அண்ணாந்தார்கள். கிழக்கு வானத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி பகல் நிலா பாதியாக நின்றது. நீலம் என்று சொல்ல அதில் ஒரு பொட்டு இல்லை.

தோம்ப்ரா நின்றது. ஆனால் ஜுமகலி ஒராசோவிச் முப்பத்தோரு வருடம் பதவியில் இருந்தவர். நின்ற இடத்திலேயே மூவர் குழு ஒன்றை அமைத்தார். குழு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஐந்து நிமிடம் நிலாவைப் பார்த்தது. ரைசா மேசையையும் ஆறு முத்திரைகளையும் வெளியே கொண்டுவரச் செய்தாள். குழுவின் தலைவர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'வானிலுள்ள நிலவு, ஒப்புதல் பெற்ற படத்தோடு பொருந்தவில்லை.'

"இதுக்குப் பொறுப்பு யாருன்னு போடட்டும்?" என்றாள் ரைசா.

இயக்குநர் மைக்கை மெய்ராமிடம் நீட்டினார். "எங்க நிபுணர் இருக்கார். சொல்லுங்க மெய்ரெக்கே. படம் சரியா? நிலா சரியா?"

மூன்றாவது வரிசையில் டீச்சர் நின்றார். கையை நெஞ்சருகே வைத்து நாலு விரலைக் காட்டினார்.

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நிறம் நாற்பது மடங்கு கூட்டப்பட்டது. நாற்பதைத் தேடவும் வேண்டியதில்லை. அவனுக்கு முன்னால் பெரிய தட்டில் ஆட்டுத்தலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கௌரவ விருந்தாளி அதை அறுத்துப் பகிர்ந்த பிறகுதான் மற்றவர்கள் இறைச்சியில் கை வைக்கலாம். இருநூறு பேர் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வயிறு இரைந்தது அவனுக்கே கேட்டது. இத்தனை பேரை நிறுத்தி வைத்துவிட்டு, போர்த்திய கையையே கடித்தால்...

"தொலைநோக்கி பழசு," என்றான்.

அது கேள்விக்குப் பதில் இல்லை. அவனுக்கும் அது தெரியும். ஆனால் துறைக்கு அது போதுமானதாக இருந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் இயக்குநர். ரைசாவின் பேனா ஓடியது. 'பதிவு செய்யப்படாத பழைய தொலைநோக்கியால் இடைவிடாது பார்க்கப்பட்டு வந்ததால் நிலவு வெளுத்துள்ளது. மேற்படி கருவியை முத்திரையிட்டுக் கிடங்கில் வைக்கவும். நிலவு பழைய நிறத்துக்குத் திரும்பும் காலம் பின்னர் அறிவிக்கப்படும்.' நிபுணர் என்று போட்ட இடத்தில் மெய்ராம் கையெழுத்திட்டான். சபானின் கை நீளம். எழுத்தின் ஈரம் சரிகையில் ஒட்டிக்கொண்டது.

"பாவம், ரொம்பப் பாத்திருப்பாங்க போல," என்றாள் குதிரைப்பால்காரி, நிலாவைப் பார்த்து.

பிறகு தலையை அறுக்க வேண்டியிருந்தது. கண்ணை, நம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டியவருக்குக் கொடுப்பது வழக்கம். அதை இயக்குநருக்குக் கொடுத்தான். காது சின்னவர்களுக்கு, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று. இயக்குநர் கண்ணை மென்றபடி அவன் பக்கம் சாய்ந்தார்.

"காதை டீச்சரம்மாக்குக் குடுத்துடுங்க. சபைக்கு வந்திருக்காங்க. சும்மா அனுப்பினா உயத்."

மெய்ராம் இடது காதை அறுத்துச் சின்னத் தட்டில் வைத்தான். அங்கி தரையில் புரள மூன்றாவது வரிசைக்கு நடந்தான். ஆறு வயசுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காது. முன் வரிசையில் மருமகன் சிரித்தார். பின்னால் சிலர் சிரிப்பதா வேண்டாமா என்று இயக்குநரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

டீச்சர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். காதை எடுத்துக் கடித்தார். நின்றபடியே முழுசும் தின்று முடித்தார். அவன் எதிரிலேயே நின்றான், நகரத் தெரியாமல்.

"நல்லா வெந்திருக்கு," என்றார் டீச்சர். தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் நீரேற்று நிலையத்து மாடியிலிருந்து தொலைநோக்கியை நாலு பேர் இறக்கி வந்தார்கள். முக்காலியை முதலில் மடக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மெய்ராம் பரிசோதனைக்கூட ஜன்னலில் நின்று பார்த்தான். இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

துறையின் நடைவழியில், நிபுணர்கள் என்று எழுதின பலகையில், அவன் படத்தை மாட்டினார்கள். நீலச் சபான், பொன்சரிகை, சிரிப்பு, எதிரில் ஆட்டுத்தலை. அந்தப் பலகையில் அது ஒன்றுதான் படம். கூடத்துக்குப் போகும்போதும் வரும்போதும், சாப்பிடப் போகும்போதும் வரும்போதும், தினம் நான்கு முறை அதைத் தாண்ட வேண்டும். முதல் வாரம் தரையைப் பார்த்து நடந்தான். இரண்டாம் வாரம் பின்கதவு வழியாகச் சுற்றிப் போனான். பின்கதவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று காவலாளி சொன்னதும் மறுபடியும் தரையைப் பார்த்து நடந்தான்.

மூன்றாம் வாரம், மாதிரிப் புட்டிகளில் எண் போடுகிற அழியாப் பேனாவை எடுத்துக்கொண்டு போய், தன் படத்துக்குக் கீழே சுவரிலேயே எழுதினான். 'நிறம் கூட்டப்பட்டது.'

வேலை போகும் என்று நினைத்தான். போகட்டும் என்றும் நினைத்தான். மேசை இழுப்பறையைக் காலி செய்து வைத்தான். மறுநாள் காலையில் ரைசா வந்தாள்.

"படத்துக்குக் கீழ இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா, அக்கா. நான்தான் எழுதினேன். தெரிஞ்சுதான் எழுதினேன்."

"பதிவு எண் இல்லாம சுவத்துல ஒரு வாசகமும் இருக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் எழுந்து நின்றான். ரைசா நடைவழிக்குப் போனாள். வரியின் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டாள். ஆறு முத்திரைகளில் இரண்டாவது பெரியதை எடுத்து ஊதி, சுவரில் அழுத்திப் பதித்தாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள். "அடுத்த தடவை முதல்லயே என்கிட்ட வாங்க."

மெய்ராம் இழுப்பறைச் சாமான்களைத் திரும்ப எடுத்து வைத்தான்.

கிடங்கில் இருக்கும் தொலைநோக்கியின் முத்திரை கலையவில்லை என்று பார்த்து மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டியது அதன் உரிமையாளர் கடமை. வெள்ளிக்கிழமை மதியம் குல்பாரம் டீச்சர் வந்தார். பலகை முன்னால் நின்றார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து கீழ்வரியைப் படித்தார். பதிவு எண்ணைப் படித்தார். மெய்ராம் கூடத்து வாசலில் நின்றிருந்தான்.

"எத்தனை மடங்குன்னு போடலியே," என்றார் டீச்சர்.

சதவீதத்தைத் தசமம் வரை எழுதுகிறவன் அவன். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நாலு வினாடி இருக்கும். பிறகு கண்ணாடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடக் கிடங்குப் பக்கம் நடந்தார்.